சிறுத்த குழாய், பழைய கருவி

வேதியியல் கட்டுரைகளைத் தமிழில் படிக்கவும் தமிழிலேயே கேள்வி கேட்டு மடக்கவும் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஓர் அவை கூடியிருப்பது எனக்குப் பெரிய நிறைவு.

தலைமை உரையில் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்லி, எதிர்காலத்தை வாழ்த்தி அமர்வது வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. நம் ஆய்வுக்கூடங்களில் நாள் முழுக்க ஓடும் எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவக் குரோமட்டோகிராபி) கருவி குடிக்கும் கரைப்பானைப் பற்றி மட்டும் பேசுகிறேன். புதுக் கருவி வாங்காமல் அதை எவ்வளவு குறைக்கலாம், எங்கே குறைந்தது போலத் தோன்றி நம்மை ஏமாற்றும் என்பதுதான் பேச்சு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் பிரிகைக் குழாய் 250 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் உள்விட்டம், உள்ளே 5 மைக்ரான் துகள். ஓட்டம் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர். எட்டு மணி நேரத்தில் 480 மில்லிலிட்டர் கழிவுப் புட்டிக்குப் போகிறது. கலவையில் பாதி அசிட்டோநைட்ரைல் என்றால், இரண்டரை லிட்டர் புட்டி ஒன்று பத்து நாளில் காலி. ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று வைத்தால், ஒரே ஒரு கருவியின் கழிவு 120 லிட்டர். இதில் நாம் உண்மையில் பார்க்க விரும்பியது, மாதிரிக்கு 20 மைக்ரோலிட்டர்.

இந்த 4.6 என்ற எண்ணில் தெய்வீகம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் கிடைத்த எஃகுக் குழாயின் அளவு, அந்தக் காலத்துப் பம்ப்பும் டிடெக்டரும் தாங்கிய அளவு, அவ்வளவுதான். பிறகு பழக்கம் ஆனது. பழக்கம் மருந்து நூல்களில் ஏறி விதியும் ஆனது.

இந்தப் பழக்கத்தை முதலில் அசைத்தவர்களில் முக்கியமானவர் ஓர் ஆசியர் என்பதை நம் மாணவர்கள் பலர் அறியார். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் டைடோ இஷீ 1970களில் அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டெஃப்லான் குழாயில் துகளை அடைத்து, ஊசிச் சிரிஞ்சைத் தள்ளும் சிறு சாதனத்தையே பம்ப்பாக வைத்து, டிடெக்டரின் செல்லைச் சுருக்கி மாற்றி, நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் பிரித்துக் காட்டினார். 1977-இல் ஜர்னல் ஆஃப் குரோமட்டோகிராபி இதழில் அவர் குழுவின் கட்டுரைத் தொடர் தொடங்கியது. அதே காலத்தில் ஸ்காட், குசெரா என்ற ஆய்வாளர்கள் ஒரு மில்லிமீட்டர் குழாயில் வேலை செய்தார்கள். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னி, சுடாவோடு சேர்ந்து 1978-இல் கண்ணாடி நுண்குழலுக்குள்ளேயே துகளை அடைத்துக் காட்டினார். ஆக, இது நேற்றைய யோசனை அல்ல. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் நிரூபிக்கப்பட்டும் நம் மேசைக்கு வராத யோசனை.

ஏன் வரவில்லை? கரைப்பான் மலிவாக இருந்தது, அதனால்தான். அது எவ்வளவு நிலையற்ற மலிவு என்பது 2008-இல் தெரிந்தது. அசிட்டோநைட்ரைலை யாரும் அதற்காகவே பெரிய அளவில் தயாரிப்பதில்லை. பிளாஸ்டிக்குக்கும் செயற்கை இழைக்கும் வேண்டிய அக்ரிலோநைட்ரைல் தயாரிக்கும்போது உபரியாகக் கிடைப்பது அது. அந்த ஆண்டு உலகப் பொருளாதாரம் சரிந்து கார் விற்பனை படுத்தது. அக்ரிலோநைட்ரைல் தேவை குறைந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்குக் காற்றைச் சுத்தமாக்கச் சீனாவில் ஆலைகளை நிறுத்தினார்கள். செப்டம்பரில் ஐக் புயல் டெக்சஸ் கரையைத் தாக்கி அங்குள்ள உற்பத்தியையும் முடக்கியது. விளைவாக உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் புட்டிக்காகக் காத்திருந்தன, விலை பல மடங்கு ஏறியது. அப்போது எல்லோரும் மெத்தனாலுக்கு மாறுவதைப் பற்றியும் குழாயைச் சிறுக்க வைப்பதைப் பற்றியும் பேசினார்கள். புட்டி திரும்பி வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

பினாங்கில் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் காரணம் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு 1972-இல் ஹியூலெட் பேக்கார்ட் வந்தது. 1999-இல் அதிலிருந்து பிரிந்த அஜிலென்ட், குரோமட்டோகிராபி உலகில் யாருக்கும் அறிமுகம் வேண்டாத பெயர். இந்தத் தீவில் நுண்ணிய பொருளைக் கையால் பொருத்தத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் பஹ்ருதீன் சாட் குழுவினர் உணவில் சேர்க்கும் பென்சாயிக் அமிலம், சார்பிக் அமிலம், பாராபென்கள் ஆகியவற்றை எச்.பி.எல்.சி.யில் ஒரே ஓட்டத்தில் அளக்கும் முறையை 2005-இல் வெளியிட்டார்கள். 2009-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ ஹியான் கீ, சான்பாஷா பஷீர் ஆகியோருடன் சேர்ந்து, உணவிலுள்ள ஹிஸ்டமின் போன்ற அமீன்களை உள்ளீடற்ற நுண்ணிழை வழியாகப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். புளித்த இறாலில் செய்த பெலாச்சானும் சின்சாலோக்கும் சாப்பிடுகிற ஊரில் இது வெறும் ஏட்டு ஆய்வு இல்லை.

அந்த நுண்ணிழை முறையில் இழையின் உள்ளே நிற்கும் திரவம் மைக்ரோலிட்டர் கணக்குத்தான். நம் வட்டாரத்தில் மாதிரி தயாரிப்பு இவ்வளவு சிறுத்துவிட்டது. இன்றைக்கு இந்தத் துறையில் வரும் எத்தனையோ கட்டுரைகளில் மைக்ரோலிட்டர் அளவில் பிரித்தெடுத்த சாற்றை, ஓட்டத்துக்கு இருபது மில்லிலிட்டர் குடிக்கும் குழாயில் ஏற்றுகிறார்கள். கட்டுரையின் கடைசியில் கடிகாரம் போன்ற ஒரு பச்சை வட்டப் படம் வேறு இருக்கும், ‘எங்கள் முறை பசுமையானது’ என்று. எனக்கு அந்தப் படத்தின் மேல் பகை இல்லை. கழிவுப் புட்டியின் எடையையும் பக்கத்தில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி கருவிக்கு வருவோம். ஓட்டம் குழாய் விட்டத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. அதே வேகத்தில் திரவம் நகர, 4.6-க்கு ஒரு மில்லிலிட்டர் வேண்டுமென்றால் 2.1 மில்லிமீட்டர் குழாய்க்கு 0.21 மில்லிலிட்டர் போதும். ஒரு மில்லிமீட்டர் குழாய்க்கு 47 மைக்ரோலிட்டர். 0.3-க்கு நாலேகால் மைக்ரோலிட்டர். 75 மைக்ரான் குழாய்க்கு 270 நானோலிட்டர் கூட வேண்டாம். காகிதத்தில் இறங்கிக்கொண்டே போகலாம். பழைய கருவி எந்தப் படியில் நம்மைக் கைவிடும் என்பதே கேள்வி.

விடை பீக்கின் (peak) அகலத்தில் இருக்கிறது. நல்ல 4.6 குழாயிலிருந்து நடுவில் வெளிவரும் ஒரு பீக், அடியிலிருந்து அடி வரை சுமார் 200 மைக்ரோலிட்டர் அகலம். 150 நீளமும் 2.1 விட்டமும் 3 மைக்ரான் துகளும் உள்ள குழாயில் அது 25, 30 மைக்ரோலிட்டர் ஆகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆறு. 0.3-இல் அரை மைக்ரோலிட்டர். இப்போது கருவியின் பக்கம் பாருங்கள். வழக்கமான யூ.வி. டிடெக்டர் செல் 10 முதல் 14 மைக்ரோலிட்டர். கால் மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நீலநிற PEEK பிளாஸ்டிக் டியூப் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் அரை மைக்ரோலிட்டர் பிடிக்கும். யாரோ வசதிக்காக அரை மீட்டர் விட்டிருந்தால் அதிலேயே 24 மைக்ரோலிட்டர். 200 மைக்ரோலிட்டர் பீக்குக்கு இதெல்லாம் உறைக்காது. 25 மைக்ரோலிட்டர் பீக் தடுமாறும். ஆறு மைக்ரோலிட்டர் பீக்கோ அந்தச் செல்லுக்குள்ளேயே இரண்டு தரம் அடங்கிவிடும். குழாய் பிரித்துக் கொடுத்ததை டிடெக்டர் மறுபடி கலந்துவிடும். குறுகிய குழாய் வாங்கி, பழைய டியூபிலேயே மாட்டி, ‘தரமில்லாத குழாய்’ என்று விற்றவரைத் திட்டுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

இரண்டாவது தடை கிரேடியன்ட், அதாவது ஓட்டத்தின் நடுவே கலவையின் விகிதத்தை மாற்றிக்கொண்டே போவது. நான்கு புட்டிகளிலிருந்து கலக்கும் பழைய பம்ப்பில், கலக்கும் இடத்திலிருந்து குழாயின் வாய் வரை ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் இடம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் ஓட்டத்தில் கிரேடியன்ட் ஒரு நிமிடம் தாமதமாக வரும், யாரும் கவலைப்படுவதில்லை. 50 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் இருபது நிமிடத் தாமதம். ஐந்து மைக்ரோலிட்டரில் மூன்று மணி இருபது நிமிடம். கிரேடியன்ட்டைத் தொடங்கிவிட்டு கடைத்தெரு வரை போய் நாசி கண்டார் சாப்பிட்டு வந்தாலும் அது குழாயை அடைந்திருக்காது. பிஸ்டனும் அப்படித்தான். ஒரு தள்ளுக்கு 100 மைக்ரோலிட்டர் தள்ளும் பிஸ்டன், 50 மைக்ரோலிட்டர் ஓட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் வேலை செய்கிறது. கலவையின் விகிதம் அந்தத் தாளத்துக்கே அலைபாயும். தள்ளும் அளவை மாற்ற வழியுள்ள பம்ப்புகளில் அதை 20 மைக்ரோலிட்டருக்குக் குறைக்கலாம். அந்த வசதி இருப்பதே தெரியாமல் எத்தனையோ கருவிகள் ஓய்வு பெறுகின்றன.

இந்தத் தடைகளைத் தாண்ட எல்லோரும் நாடும் வழி ஸ்பிளிட்டர். 1996-இல் ஷெர்வே, உர்செம், சால்ஸ்மான் ஆகிய மூவர் அனலிட்டிகல் கெமிஸ்ட்ரி இதழில் நானோ அளவுக்குக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய கட்டுரையை இந்த அவையில் பலர் படித்திருப்பீர்கள். பம்ப்பை அது பழகிய ஓட்டத்திலேயே விடு; இன்ஜெக்டருக்கு முன் ஓட்டத்தைப் பிரி; நூற்றில் ஒரு பங்கைக் குழாய்க்கு அனுப்பு; டிடெக்டருக்கு நுண்குழல் செல் போடு. அழகான தீர்வு. கிரேடியன்ட் தாமதமும் போகிறது, பிஸ்டன் அலைச்சலும் அடங்குகிறது. புரத ஆய்வில் நிறை நிறமாலை மானியோடு இணைத்து இதைக்கொண்டு பெரிய காரியங்கள் நடந்தன. கையில் ஒரு துளி மாதிரிதான் இருக்கிறது என்னும்போது இதற்கு மாற்று இல்லை.

ஆனால் கரைப்பான் சேமிப்பு என்று இதைச் சொல்லாதீர்கள். பம்ப் நிமிடத்துக்கு 500 மைக்ரோலிட்டர் தள்ளுகிறது. ஐந்து குழாய்க்குப் போகிறது. 495 நேராகக் கழிவுக்கு. எட்டு மணி நேரத்தில் குழாய் கண்டது 2.4 மில்லிலிட்டர், புட்டியில் சேர்ந்தது 240. குழாய்தான் சிறுத்தது. கலவை மாறாத ஓட்டமாக இருந்தால் ஒரு வழி உண்டு: பிரிந்து போகும் பகுதி மாதிரியையே பார்க்கவில்லை, எனவே அதைத் திரும்பவும் கரைப்பான் புட்டிக்கே விடலாம். மூடி இறுக்கமாக இருந்து, ஆவியாகி விகிதம் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிரேடியன்ட்டில் அதற்கும் வழியில்லை. இன்னொன்று, ஸ்பிளிட்டர் எதிர்ப்பைப் பார்த்துத்தான் ஓட்டத்தைப் பங்கிடும். குழாய் கொஞ்சம் அடைத்தால் திரவம் மறுபக்கம் ஓடிவிடும். பம்ப்பின் திரையில் எல்லாம் சரியாக இருக்கும், பீக் மட்டும் நாளுக்கு நாள் தாமதமாக வரும். அறையின் குளிர்சாதனம் நின்றால் பாகுத்தன்மை மாறி விகிதமும் மாறும். நிமிடத்துக்கு ஐந்து மைக்ரோலிட்டரில் கசிவும் சொட்டாது. சொட்டாகச் சேரும் முன்பே ஆவியாகிவிடும். விரலால் தடவிப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்துப் பழகியவர்களுக்கு இது புது உலகம்.

ஆகவே என் தீர்ப்பு இது. அன்றாட உணவு, மருந்து, தண்ணீர்ச் சோதனைக்கு நாம் நுண்குழலுக்குத் தாவ வேண்டாம். 2.1 மில்லிமீட்டரில் நில்லுங்கள். சோதிக்க வேண்டிய மஞ்சள் மீ நூடுல்ஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். நமக்கு மாதிரிக்குத் தட்டுப்பாடு இல்லை, கரைப்பானையும் கழிவையும் குறைப்பதே நோக்கம். அதற்கு 2.1 போதும், பழைய கருவியும் அதைத் தாங்கும்.

எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 250 நீளம், 4.6 விட்டம், 5 மைக்ரான் குழாயிலிருந்து 150 நீளம், 2.1 விட்டம், 3 மைக்ரான் குழாய்க்கு மாறுகிறோம். நீளத்தைத் துகளின் அளவால் வகுத்தால் இரண்டிலும் ஐம்பதாயிரம்தான். பிரிக்கும் திறன் ஏறக்குறைய அதே. குழாயின் கொள்ளளவு எட்டில் ஒன்று. எனவே இருபது நிமிடத்தில் இருபது மில்லிலிட்டர் குடித்த ஓட்டம், நிமிடத்துக்கு 0.35 மில்லிலிட்டரில் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடி, இரண்டரை மில்லிலிட்டரோடு முடிகிறது. அழுத்தம் 2.8 மடங்கு ஏறும். அசிட்டோநைட்ரைல் கலவையில் 110 பார் காட்டிய இடத்தில் 300 பார். 400 பார் தாங்கும் பழைய பம்ப்புக்குப் பிரச்சினை இல்லை. மெத்தனால் கலவை பாகுத்தன்மை கூடியது, அங்கே எல்லை மீறும். அப்போது ஓட்டத்தை 0.21-க்குக் குறையுங்கள்: பன்னிரண்டு நிமிடம் ஆகும், கரைப்பான் அதே இரண்டரை மில்லிலிட்டர். அவசரம் மட்டுமே போகிறது.

மாற்ற வேண்டிய பாகங்கள் கைப்பிடி அளவுதான். இன்ஜெக்டரிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து டிடெக்டருக்கும் போகும் டியூபை 0.13 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்கு, PEEK டியூபில் சிவப்பு நிறத்துக்கு, மாற்றுங்கள். எட்டும் அளவுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் விடாதீர்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும், டியூபின் முனை துளையின் அடியைத் தொட வேண்டும். ஃபெரூலுக்கு முன்னால் விடும் ஒரு சிறு இடைவெளி போதும், மற்ற எல்லா உழைப்பையும் அது தின்றுவிடும். டிடெக்டருக்கு 2.5 முதல் 5 மைக்ரோலிட்டர் வரையிலான செமி-மைக்ரோ செல். ஒளி கடக்கும் தூரம் குறைவதால் சமிக்ஞை கொஞ்சம் தாழும். டிடெக்டரின் பதில் நேரத்தைக் குறையுங்கள், பழைய இரண்டு வினாடி அமைப்பில் விடாதீர்கள். மாதிரியை 20-லிருந்து 2.5 மைக்ரோலிட்டருக்குக் குறைத்து, கலவையைவிட வலிமை குறைந்த கரைப்பானில் கரைத்து ஏற்றுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு, புதுக் கருவியின் விலையோடு ஒப்பிடவே தகாத சிறு தொகை.

‘மருந்து நூல் முறையை மாற்ற முடியாதே’ என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். அது பழைய பதில். அமெரிக்க மருந்து நூலின் 621-ஆம் அத்தியாயம் ஐரோப்பிய, ஜப்பானிய நூல்களோடு இசைவாக்கப்பட்டு 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நீளத்துக்கும் துகளுக்கும் உள்ள விகிதம் 25 சதவீதக் குறைவுக்கும் 50 சதவீதக் கூடுதலுக்கும் நடுவில் இருந்தால், குழாயின் அளவை மாற்றி ஓட்டத்தையும் சூத்திரப்படி மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. கிரேடியன்ட் முறைகளுக்கும் உண்டு. நான் மேலே சொன்ன மாற்றத்தில் அந்த விகிதம் நகரவே இல்லை. கருவிப் பொருத்தச் சோதனையில் தேற வேண்டும், ஆவணம் எழுத வேண்டும், அவ்வளவே. ஆவணம் எழுதச் சோம்பல் என்றால் அதை ஒழுங்குமுறையின் தலையில் போடாதீர்கள்.

கழிவின் பக்கமும் சட்டம் தெளிவாக இருக்கிறது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி, ஹாலஜன் இல்லாத கரிமக் கரைப்பான் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 322 என்று தனிக் குறியீடு. 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். புட்டியில் பாதி தண்ணீர் என்றாலும் மொத்தமும் கழிவுக் கணக்குத்தான். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அது ஆய்வுக்கூடக் கழிவு அல்ல. ஆனால் அப்புறப்படுத்தக் காசு செலவாகும் எந்தக் கழிவுக்கும் குறுக்குவழி தேடும் ஒருவர் இருப்பார் என்பதால், உண்டாகாத கழிவே பாதுகாப்பானது.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு நாளும் குரோமட்டோகிராபிக் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும், குழாயின் அளவையும் ஓட்டத்தையும் சொல்லும் இடத்தில், ஒரு மாதிரிக்கு மொத்தம் எத்தனை மில்லிலிட்டர் கரைப்பான் செலவானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாயைச் சமன்படுத்தவும் கழுவவும் போனதையும் விட்டுவிடாதீர்கள். ஸ்பிளிட்டர் வைத்திருந்தால் பம்ப் தள்ளியதைச் சொல்லுங்கள், குழாய்க்குப் போனதை அல்ல. சொல்லாதவர்களிடம் அவையோர் கேளுங்கள். அமர்வுத் தலைவர்கள் அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.